நமது கடல் குளிராது என்று சொன்னவர் யார்?

கிண்ணியாவில் சுழியோடிகளுக்கு உடை வேண்டும் என்று யாராவது பேசத் தொடங்கினால் உடனே ஒரு பதில் வரும்: "நம்மட கடல் என்ன பனிக்கடலா காக்கா?" இந்தப் பதிலைப் படகு முதலாளி சொல்லக் கேட்டிருக்கிறேன். அலுவலகக் கதிரையில் சாய்ந்திருந்த அதிகாரி சொல்லக் கேட்டிருக்கிறேன். கடலிலிருந்து ஏறிய ஈரத்துடன் பல் கிட்டிக்க நின்ற சுழியோடியே சிரித்துக்கொண்டு சொல்லவும் கேட்டிருக்கிறேன். மூன்று தரப்பும் ஒரே வசனத்தைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பிவிடுகிறது. நீண்டகாலப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம் வேறு. கொடுப்பவனும் கண்காணிப்பவனும் பெறவேண்டியவனும் ஒரே குரலில் பேசினால், அங்கே யாரோ ஒருவருடைய செலவு மிச்சமாகிறது என்று பொருள்.

அந்தப் பனிக்கடலிலிருந்தே தொடங்குவோம். ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்றொரு நீர்ப்பிளவு இருக்கிறது. அதன் நீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கும். அங்கே சிலிண்டரோடு சுழியோட விரும்பும் உல்லாசப் பயணி 'டிரை சூட்' எனப்படும் உலருடை அணிந்தே இறங்க வேண்டும். பெயருக்கேற்ப உள்ளே ஒரு துளி நீரும் புகாத உடை அது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறப்பர் பட்டைகள் தோலை இறுகப் பிடித்திருக்கும். நெஞ்சிலுள்ள வால்வு வழியாகச் சிலிண்டரிலிருந்து காற்றை உடைக்குள் விடலாம். மேலெழும்போது விரியும் காற்று தோளருகிலுள்ள இன்னொரு வால்வு வழியாக வெளியேறும். ஆழத்தில் அந்தக் காற்றை விடாவிட்டால் உடை உடலை நெரிக்கும். அளவுக்கு மீறி விட்டால் அது கால்பக்கம் ஓடித் தலைகீழாக மேலே தூக்கிவிடும்.

குளிர்நாடுகளில் இதைத் தொழிலாகவோ பொழுதுபோக்காகவோ செய்பவர்கள் கடையில் தொங்கும் உடையை வாங்குவதோடு நின்றுவிடுவதில்லை. வசதியுள்ளவர் தன் உடம்புக்கு அளவெடுத்தே தைப்பிக்கிறார். அந்த அளவெடுப்பு மாப்பிள்ளைக்குக் கோட்டுத் தைக்கும் அளவெடுப்பை விடக் கடுமையானது. கழுத்து, தோள், நெஞ்சு, இடுப்பு, தொடை, கெண்டைக்கால், பாதம் என்று அது நீளும். உள்ளே அணியும் கம்பளி உடுப்பின் தடிப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதன் பின்னரும் சோதனை இருக்கிறது. உடையோடு குந்தி எழ முடிகிறதா? கையைப் பின்னால் வளைத்து முதுகிலுள்ள சிலிண்டரின் திருகைத் தொட முடிகிறதா? துணி இறப்பர் பூசிய மூன்றடுக்குத் துணியா, நியோபிரீனா? கழுத்துப் பட்டை இயற்கை இறப்பரா, சிலிக்கோனா? சிப் முதுகிலா, நெஞ்சுக்குக் குறுக்கேயா? ஒருவர் வருடத்தில் சில வாரம், ஒரு நாளைக்குச் சில பத்து நிமிடங்கள், தன் விருப்பத்துக்காக நீருக்குள் இருப்பதற்கு இத்தனை கேள்விகள்!

இதையெல்லாம் எழுதுவதால் கிண்ணியாச் சுழியோடிக்கு உலருடை தைத்துக் கொடுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் எண்ண வேண்டாம். நமது வெயிலில் அதை அணிந்துகொண்டு படகில் அரைமணி நேரம் இருந்தால் மனிதன் வியர்வையில் வெந்துபோவான். அதன் இறப்பர் பட்டைகளை நமது வெப்பமும் உப்பும் விரைவில் தின்றுவிடும். பயிற்சியில்லாதவனுக்கு அதற்குள்ளிருக்கும் காற்றே எமனாகும். நான் எடுத்துக்காட்ட வந்தது உடையை அல்ல, அந்த உடைக்குப் பின்னாலுள்ள எண்ணத்தை. எந்தக் கடல், எத்தனை பாகை, எவ்வளவு ஆழம், எத்தனை நேரம், யாருடைய உடம்பு என்ற ஐந்து கேள்விகளையும் கேட்டபின்னரே ஒரு மனிதன் நீருக்குள் அனுப்பப்பட வேண்டும் என்ற எண்ணம் அது. கிண்ணியாவில் இந்த ஐந்தில் ஒன்றுகூடக் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாமலிருப்பதற்கு வசதியாகச் சொல்லப்படுவதுதான் 'நமது கடல் குளிராது' என்பது.

நமது கடலின் வெப்பநிலை என்ன? திருகோணமலைக் கடலின் மேல்நீர் ஏறத்தாழ 26 முதல் 30 பாகை வரையில் இருக்கிறது. கேட்பதற்கு இதமானதுதான். ஆனால் மனித உடலின் உள்வெப்பம் 37 பாகை. வெறும் உடம்போடு அசையாமல் இருப்பவன் வெப்பத்தை இழக்காமல் நீரில் இருக்க வேண்டுமானால் அந்த நீர் 33 முதல் 35 பாகை வரையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே எந்த நீரும் உடம்பிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டேயிருக்கும். காற்றை விட நீர் வெப்பத்தை ஏறக்குறைய 25 மடங்கு கூடுதலாகக் கடத்துகிறது. 28 பாகைக் காற்றில் நமக்கு வியர்க்கிறது. அதே 28 பாகை நீரில் இரண்டு மணி நேரம் கிடந்தால் விரல் விறைக்கிறது. ஆழத்தில் நீர் இன்னும் குளிர்ந்தது. இதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டியதில்லை. 'கீழே ஐஸ் தண்ணீர்ப் படை ஒன்று இருக்கும்' என்று நமது சுழியோடிகளே சொல்வார்கள்.

தமிழ் இதை அறிந்திருந்தது போலும். முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்றுதான் நாம் இத்தொழிலை அழைத்தோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே குளிர் ஒலிக்கிறது. சொல்லை வைத்துக்கொண்டோம், அது தரும் எச்சரிக்கையை மறந்துவிட்டோம்.

இனி கிண்ணியாச் சுழியோடியின் ஒரு நாளைப் பாருங்கள். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குபவர்கள் நமது ஊரில் தலைமுறைகளாக உள்ளனர். கிழக்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மன்னார்ப் பக்கமும் கற்பிட்டிப் பக்கமும் போய் வாடியடித்துத் தொழில் செய்பவர்கள் இவர்கள். ஆழங்குறைந்த இடங்களில் அட்டை அருகிவிட்டதால், வருடத்துக்கு வருடம் மேலும் ஆழத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதிகாலையில் படகு ஏறுகிறான். படகில் சிலிண்டர்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று முடிய மேலே வந்து, அடுத்ததைக் கட்டிக்கொண்டு மீண்டும் இறங்குகிறான். நான் பார்த்தவர்களில் பெரும்பாலானோரின் உடை ஒரு பழைய கைநீள ரீசேட்டும் இறுக்கமான காற்சட்டையும்தான். நீருக்குள் அது தோலைக் கீறலிலிருந்து காக்கும், குளிரிலிருந்து காக்காது. இரண்டு இறக்கங்களுக்கு இடையில் அதே ஈர உடுப்போடு கடற்காற்றில் குந்தியிருக்கிறான். அந்தக் காற்று மீதமிருக்கும் சூட்டையும் பறித்துக்கொள்கிறது.

அங்கிருந்து கொஞ்சம் வடக்கே, நிலாவெளிக்கு எதிரே, புறாமலை இருக்கிறது. 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவு. அங்கே நீருக்கடியில் பவளப்பாறை பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிக்குச் சுழியோடல் நிலையத்தில் முதலில் கேட்கப்படுவது அவருடைய உயரமும் பருமனும். உடம்புக்குப் பொருந்தும் மூன்று மில்லிமீற்றர் நியோபிரீன் உடை எடுத்துக் கொடுக்கப்படுகிறது. முக்கால் மணி நேரம் மீன் பார்த்துவிட்டு அவர் மேலே வருகிறார். துவாய் காத்திருக்கிறது. அதே கடலில், அதே பாகையில், அதைவிட ஆழத்தில், நாள் முழுவதும் உழைப்பவனுக்கு ரீசேட்டு. கடல் குளிராது என்றால் பயணிக்கு மட்டும் ஏன் குளிர்கிறது? வெள்ளைத் தோலுக்கு ஒரு பாகைமானியும் கறுத்த தோலுக்கு இன்னொரு பாகைமானியும் இருக்கின்றனவா?

குளிர்வதால் என்ன, கொஞ்சம் நடுங்கிவிட்டுப் போகட்டும் என்பவர்களுக்கு இனிச் சொல்வது முக்கியமானது. உலகெங்கும் சுழியோடிகள் 'பெண்ட்ஸ்' என்று அழைக்கும் அமுக்கக் குறைவு நோயைப் பற்றியது இது. அமுக்கப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக்கூடக் கரைவதும் கூடும். மெதுவாக மேலே வந்தால், இடையில் தரித்து வந்தால், கரைந்தது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். மூட்டில் குமிழி வந்தால் வலி. முள்ளந்தண்டில் வந்தால் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போகும். எங்கள் ஊரில் இருபத்தைந்து, முப்பது வயதில் சக்கர நாற்காலிக்கு வந்தவர்களின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். 1908இல் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும், எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படித் தரித்துத் தரித்து மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை வெளியிட்டனர். நூறு வருடத்துக்கு மேலாகியும் அந்த அறிவு கிண்ணியாவின் படகுகளில் முறையாக ஏறவில்லை.

இந்த நோய்க்கும் குளிருக்கும் என்ன தொடர்பு? இரத்த ஓட்டமே தொடர்பு. உடம்பு சூடாக உழைக்கும்போது இரத்தம் கைகால்களுக்குத் தாராளமாக ஓடும், நைதரசனும் தாராளமாக உள்ளே போகும். உடம்பு குளிரும்போது தோலிலும் கைகால்களிலும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், உள்ளே போன நைதரசன் வெளியேற வழி குறையும். அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சுழியோடல் பிரிவு இதைச் சோதித்து 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சோதனைத் தொட்டியில் 120 அடி ஆழத்துக்குரிய அமுக்கத்தில் சுழியோடிகள் வைக்கப்பட்டனர். ஒரு தரப்பினர் கீழே இருந்தபோது சூடான நீரிலும் மேலே வரும்போது குளிர்ந்த நீரிலும் இருந்தனர். மற்றத் தரப்பினருக்கு இது தலைகீழ். கீழே சூடாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தவர்கள் 30 நிமிடமே கீழே இருந்தபோதும் இறக்கங்களில் 22 வீதத்தில் நோய் கண்டது. கீழே குளிராகவும் ஏறும்போது சூடாகவும் இருந்தவர்கள் 70 நிமிடம் வரை கீழே இருந்தும் நோய் கண்டது ஏறத்தாழ ஒரு வீதத்தில்தான்.

வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனையில் சூடான நீர் என்றது 36 பாகை. குளிர்ந்த நீர் என்றது எத்தனை பாகை தெரியுமா? 27. ஆம், கிண்ணியாக் கடலின் பாகை. நாம் குளிராது என்று சிரித்துத் தள்ளும் அதே நீர்தான் அந்தக் கடற்படை ஆய்வாளரின் ஏட்டில் 'குளிர்' என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது. நமது சுழியோடியின் நாள் அந்தச் சோதனையின் மோசமான பக்கத்தை ஒத்திருக்கிறது. வெயிலில் காய்ந்த உடம்போடு இறங்கி, கீழே சேற்றையும் கல்லையும் துழாவிக் கடுமையாக உழைத்து உடம்பைச் சூடேற்றி, சிலிண்டர் முடியும் நேரத்தில் விறைத்து, விறைத்தபடியே ஏறி, ஈர உடுப்போடு காற்றில் உட்காருகிறான். பின்னர் அவன் கால் விழுந்தால் 'பேராசையால் ஆழத்துக்குப் போனான்' என்கிறோம். இன்னும் சிலர் விதி என்கிறார்கள். விதியை நம்புபவன் நான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவனும் நான்தான். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டவர்களின் கணக்கை இறைவனின் பெயரில் எழுத முடியாது.

நிற்க. முன்னோர் வெறும் கோவணத்தோடு குளிக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. குளித்தார்கள். பிரித்தானியர் காலத்து மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியோர், கீழக்கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் வந்த குளியாட்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கின்றனர். கல்லைக் காலில் பிடித்து இறங்கி, மூச்சுப் பிடிக்கும் ஒரு நிமிடத்துக்குள் சிப்பியை வாரிக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் நீரில் இருக்கும்போது மற்றவர் படகில் இளைப்பாறுவார். நண்பகலில் பீரங்கி வெடித்ததும் தொழில் முடிந்தது. அவர்களுக்கு உடை இல்லைத்தான். ஆனால் மூச்சு ஓர் எல்லை போட்டது, மாற்றாள் ஓர் எல்லை போட்டான், பீரங்கி ஓர் எல்லை போட்டது. சிலிண்டர் வந்தபோது இந்த மூன்று எல்லைகளும் ஒரே நாளில் எடுபட்டன. எடுபட்ட எல்லைகளுக்குப் பதிலாக நாம் வைத்தது என்ன? ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் 'பரம்பரைத் தொழில்' என்ற பெயரால் மூடி வைத்திருக்கிறோம்.

பழகிய உடம்புக்குக் குளிர் தெரியாது என்பது அடுத்த வாதம். இதற்குக் கொரியாவின் ஜெஜு தீவுப் பெண்கள் பதில் சொல்வார்கள். ஹேன்யோ எனப்படும் அந்தக் கடற்பெண்கள் மூச்சடக்கி இறங்கிச் சங்கும் சிப்பியும் கடற்பாசியும் எடுப்பவர்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1970கள் வரை பருத்தி உடையோடுதான் அவர்கள் இறங்கினர். உலகில் அவர்களைவிடக் குளிருக்குப் பழகிய உடம்பு யாருக்கு இருந்தது? உடலியல் ஆய்வாளர்கள் அவர்களை அளந்து பார்த்தார்கள். பழக்கம் உண்மைதான், குளிர்காலத்தில் அவர்களுடைய உடல் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கியது. ஆயினும் கோடையில், நமது கடலை ஒத்த 26, 27 பாகை நீரில்கூட, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் 35 பாகைக்கு அருகில் இறங்கிவிட, அவர்கள் கரையேறி நெருப்பருகே உட்கார வேண்டியிருந்தது. 1970களில் இறப்பர் உடை வந்தது. சில வருடங்களில் அந்தப் பழக்கத்தின் அடையாளங்கள் அவர்களுடைய உடம்பிலிருந்து மறைந்துபோயின. தேவையில்லாத சுமையை உடம்பு இறக்கி வைத்துவிட்டது. பழக்கம் என்பது சுமையைத் தூக்கும் வலிமை. சுமையே இல்லை என்பதற்கு அது சாட்சியாகாது.

நான் மதிக்கும் ஒரு மறுப்பும் உண்டு. உடை கொடுத்தால் குளிர் தெரியாது, குளிர் தெரியாவிட்டால் இன்னும் நேரம் கீழே நிற்பான், நோயும் கூடும், அட்டையும் அழியும் என்பது அது. ஜெஜுவிலும் உடை வந்தபின் பெண்கள் நீரில் இருந்த நேரம் நீண்டது உண்மை. கீழே சூடாக இருப்பதன் ஆபத்தை மேற்சொன்ன சோதனையும் காட்டியது. ஆகவே உடையை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவது தீர்வாகாது. ஆழ அளவிமானியும் கைக்கடிகாரமும் தரித்து ஏறும் அட்டவணையும் உடையோடு ஒன்றாக வர வேண்டும். ஆனால் இந்த மறுப்பைச் சொல்பவர் தன் வாதத்தின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். குளிரால் ஒரு மனிதனை நடுங்க வைத்துத்தான் அவனுடைய வேலைநேரத்தைக் கட்டுப்படுத்துவோம் என்பது ஒழுங்குமுறையா, தண்டனையா? தொழிற்சாலையில் கதிரையை எடுத்துவிட்டால் தொழிலாளி சீக்கிரம் வீட்டுக்குப் போவான் என்று எவராவது வாதிடுவாரா? நேரத்தைக் கட்டுப்படுத்தக் கடிகாரம் இருக்கிறது. அட்டையைக் காக்க அனுமதிப்பத்திரமும் பருவத்தடையும் இருக்கின்றன. மனித நடுக்கத்தை அந்த வேலைக்கு அமர்த்தத் தேவையில்லை.

எந்த உடை? இதற்கும் விடை இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற கலிபோர்னியப் பௌதிகவியலாளர் ஓர் எளிய உண்மையைக் கண்டார். சூடாக இருக்க உலர்ந்திருக்க வேண்டியதில்லை. நியோபிரீன் என்ற நுரை இறப்பருக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகளே வெப்பத்தைத் தடுக்கும், உள்ளே புகும் மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் தானே வெதுவெதுப்பாகிவிடும். 'வெட் சூட்' என்ற ஈர உடை இவ்வாறு பிறந்தது. நமது கடலுக்குரியது இதுதான். சில இறக்கங்களுக்கு மூன்று மில்லிமீற்றர் போதும். நாள் முழுவதும் இறங்குபவனுக்கு ஐந்து மில்லிமீற்றரும் தலைமூடியும் வேண்டும். ஆழத்தில் அமுக்கத்தால் நுரை நசிந்து உடை மெலியும், மேலே வரவர மீண்டும் தடிக்கும். ஏறும்போதே சூடு மிகவும் தேவை என்பதை நினைத்தால் இது நமக்குச் சாதகமான குணம்.

ஆனால் அந்த நீர்ப்படலம் உடைக்குள்ளேயே நிற்க வேண்டும். கழுத்திலும் முதுகிலும் தொளதொளக்கும் உடையில் ஒவ்வொரு கையசைவுக்கும் பழைய நீர் வெளியேறிப் புதிய குளிர்நீர் உள்ளே வரும். அத்தகைய உடை உடுப்பதும் உடுக்காததும் ஒன்று. இறுகிப்போன உடையோ நெஞ்சை விரியவிடாது, மூச்சைக் குறைக்கும். ஆகவே அளவுதான் உயிர். இதனால்தான் யாரோ பெரிய உடம்புக்காரர் நான்கைந்து வருடம் உடுத்துக் கழித்த பழைய உடைகளை மூட்டையாகக் கொண்டுவந்து 'உங்களுக்கு உதவி' என்று விநியோகிப்பதை நான் உதவியாகக் கருதுவதில்லை. பலமுறை ஆழத்துக்குப் போய்வந்த நியோபிரீனின் குமிழிகள் நசிந்துபோனவை. பார்வைக்கு உடை, பயனுக்குக் கந்தை. கிண்ணியாச் சுழியோடி பெரும்பாலும் மெலிந்த, தோள் அகன்ற, இடுப்புச் சிறுத்த மனிதன். அவனுக்கு அவனை அளந்தே தைக்க வேண்டும். உடை அவனை நீரில் மிதக்கவைக்கும் என்பதால் அதற்கேற்ற ஈயப்பட்டியையும் அளந்து கொடுக்க வேண்டும். இதோடு படகில் காற்றுப் புகாத ஓர் உலர்ந்த மேலங்கியும் இருக்கட்டும். அதன் விலை ஒரு நாள் எரிபொருட் செலவைவிடக் குறைவு.

பணம் எங்கே என்பார்கள். படகுக்கு இயந்திரம் வாங்கப் பணம் இருந்தது. சிலிண்டருக்கும் கம்பிரசருக்கும் பணம் இருந்தது. சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும் போகும் அட்டை, நமது கடல் தரும் விலையுயர்ந்த பொருட்களில் ஒன்று. அதை எடுப்பவன் சாப்பிடுவதுகூட இல்லை. இயந்திரம் பழுதானால் அன்றே மெக்கானிக் வருகிறான், ஏனெனில் இயந்திரம் முதலாளியின் சொத்து. சுழியோடியின் உடம்பு பழுதானால் எண்ணெய் தடவி உருவிப் பார்க்கிறார்கள். வலியோடு மீண்டும் கடலில் இறக்கிப் பார்க்கிறார்கள். திருகோணமலையில் கடற்படையிடம் உயர் அமுக்க அறை இருக்கிறது. ஆனால் மன்னாரில் விழுந்தவனை அங்கே கொண்டுவருவதற்குள் மணித்தியாலங்கள் கழிந்துவிடுகின்றன. கொண்டுவர வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. அவனுடைய உடம்பு யாருடைய சொத்துப் பட்டியலிலும் இல்லாததுதான் காரணம்.

'அவன் விரும்பித்தானே இறங்குகிறான், நாங்கள் என்ன கையைக் கட்டியா இறக்குகிறோம்' என்று முதலாளிமார் கேட்கலாம். இதே கேள்வி ஹொண்டுராஸ் நாட்டிலும் எழுந்தது. அங்கே மிஸ்கிட்டோ இனத்தவர் கம்பனிப் படகுகளில் போய், பயிற்சியின்றி, பழுதான கருவிகளோடு, சிங்கி இறால் பிடிக்க ஆழத்தில் இறங்கினர். பலர் இறந்தனர், பலர் முடமாயினர். 42 பேரின் வழக்கு அமெரிக்கக் கண்டங்களின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஆகஸ்ட் 31இல் வந்த தீர்ப்பு, அந்தத் தொழிலைக் கண்காணிக்கத் தவறிய அரசே பொறுப்பு என்பதை நிலைநாட்டியது. வறுமையினால் ஒருவன் தலையசைப்பது அவனுடைய பாதுகாப்பின் மீதுள்ள பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிக்காது. கரீபியன் கடலுக்குப் பொருந்தும் இந்த நியாயம் கொட்டியாரக் குடாவுக்குப் பொருந்தாதா?

உடை எங்கே தைப்பது என்று கேட்பவரைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. கைத்தொழில் ஏற்றுமதியில் ஆடைதான் முதலிடம் வகிக்கும் நாட்டில் நாம் வாழ்கிறோம். உலகின் பெரிய கடைகளில் தொங்கும் உள்ளாடைகளையும் விளையாட்டு உடைகளையும் நமது பெண்பிள்ளைகள் தைக்கிறார்கள். 1876இல் ஹெனரத்கொடைக்கு இறப்பர்க் கன்று வந்ததிலிருந்து இறப்பர் பாலில் குளித்த நாடு இது. நியோபிரீன் செயற்கை இறப்பர், தாள்தாளாக இறக்குமதி செய்ய வேண்டும், உண்மை. அளவெடுத்து வெட்டி ஒட்டித் தைக்கும் கை மட்டும் இங்கே இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு தையற்காரரைப் பயிற்றினால் போதும், கிண்ணியாவின் தேவை கிண்ணியாவிலேயே தீரும்.

ஆகவே நான் கேட்பது இவைதான். சங்குக்கும் அட்டைக்கும் சுழியோட அனுமதிப்பத்திரம் வழங்கும் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம், படகையும் சிலிண்டரையும் பற்றிக் கேட்பதோடு நில்லாமல், சுழியோடியின் உடை, ஆழமானி, கடிகாரம் ஆகியவற்றையும் பார்வையிட்ட பின்னரே கையொப்பமிடட்டும். உடையின் செலவைப் படகு உரிமையாளர் ஏற்கட்டும், சுழியோடியின் பங்கில் கழிக்கக்கூடாது. மீனவர் சங்கங்கள் மொத்தமாகத் தருவித்து, ஆளுக்கு ஆள் அளந்து கொடுக்கட்டும், நைந்ததை உரிய காலத்தில் மாற்றட்டும். தரித்து ஏறும் முறை தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு படகிலும் ஒட்டப்படட்டும். வெள்ளிக்கிழமைக் குத்பாவில் வட்டியைப் பற்றியும் போதையைப் பற்றியும் பேசும் எமது உலமாக்கள், கூலியாளின் உடம்பின் உரிமையைப் பற்றியும் ஒருமுறை பேசட்டும்.

2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் பாதைப்படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் மாண்டார்கள். அன்று ஊரே கேட்டது: அனுமதி கொடுத்தவர் யார், உயிர்காப்பு அங்கி எங்கே? சரியான கேள்விகள், ஆனால் ஜனாசாக்களுக்குப் பின்னால் வந்த கேள்விகள். சுழியோடிகள் ஒரே காலையில் ஒன்றாக மாள்வதில்லை. ஒரு பருவத்தில் ஒருவர், ஒரு வாடியில் ஒருவர் என்று தனித்தனியே விழுகிறார்கள். அதனால் ஊர் அந்தக் கேள்விகளைக் கேட்காமலே இருந்துவிடுகிறது.

இனி எவராவது 'நம்மட கடல் குளிராது' என்று சொன்னால், அவரோடு வாதாட வேண்டியதில்லை. ஒரு ரீசேட்டைக் கொடுத்து அடுத்த படகில் ஏற்றுங்கள். மூன்றாவது சிலிண்டர் முடிந்து அவர் மேலே வரும்போது, கடலின் வெப்பநிலையைப் பற்றி அவருடைய கருத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.